தட்டிப் பார்த்தல்

நல்ல டப்பாவை விரல்கணுவால் தட்டினால்
கணீரென்று பதில் வரும்.
கெட்டது,
வாயில் துணி அடைத்தவனைப் போல்
உள்ளேயே முனகும்.
பயிற்சியில் இதைச் சொல்லித்தரவில்லை.
பயிற்சியில் படிவம் ஏழு, படிவம் ஒன்பது,
முத்திரைக் கம்பி, நீல மை.

ஔக்கித் துறையில் மூன்று நாளாக மழை.
கப்பல் கிளம்பாத காலையொன்றில்
எலிசன் ஃபாஃபாலேயின் கடைக்குள்
அலுவலகத் தொப்பியோடு நுழைந்தேன்.
அரிசி மூட்டைக்குப் பின்னால், தார்ப்பாயின் கீழ்,
நாற்பத்து மூன்று பெட்டி.

மூன்றின் திறந்த பக்கத்தை அடைத்துவிட்டால் எட்டு.
யாரோ பொறுமையாக உட்கார்ந்து அடைத்திருந்தார்கள்.
பெட்டிக்கு நாற்பத்தெட்டு டப்பா.
இரண்டாயிரத்து அறுபத்து நான்கு எட்டுகள்.
ஐந்து வருட ஆயுள், ஒரு கோணல் கோட்டில்.
ஆனால் மீனுக்கு எண் தெரியாது.
மூடிகள் உப்பிக்கொண்டிருந்தன.

எலிசன் எங்கள் பேச்சில் கேட்டான்:
"நாம் ஒரே பேச்சுக்காரர் இல்லையா?"

வாண்டோக். ஒரே பேச்சு.
அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால்
படகு தர வேண்டும், சமையலறை தர வேண்டும்,
தம்பியின் பரிசத்துக்குச் சங்குக்காசு தர வேண்டும்.
இல்லை என்பது நாக்கில் ஏறாது.
ஏறவில்லைதான்.
நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்,
இன்ன சட்டம், இன்ன பிரிவு, இங்கே கையெழுத்து.
அவன் என்னை
வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

இரண்டு மாதத்துக்கொருமுறை படகில் வரும் நீதிமன்றம்.
மின்விசிறிக்கு ஓர் இறக்கை குறைவு.
"என் வீட்டிலும் அதே பெட்டியைத்தான் பிரித்தோம்" என்றான்.
பொய்யில்லை.
சான்று நான்கு, மருத்துவமனைப் பதிவேடு,
பதினொரு பேரில் முதல் வரி:
ஃப்ளோரினா ஃபாஃபாலே, வயது ஏழு,
வாந்தி, இரண்டு இரவு.
தேதி பதினான்கு.

சான்று ஐந்து, கடை ரசீதுகள்.
கடைசி ரசீது பத்தொன்பது.

மாஜிஸ்திரேட் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
கண்ணாடியைக் கழற்றினார். போட்டார்.
"நடுவில் ஐந்து நாள்?"

எலிசன் எங்கள் பேச்சில்
ஒரே ஒரு சொல் சொன்னான்: கடன்.
மொழிபெயர்ப்பாளர் அதை
நீளமான, சலவை செய்த வாக்கியமாக்கித் தந்தார்.
அந்தச் சொல் அறையில்
எங்கள் மூவருக்குத்தான் கேட்டது.

அபராதம் பதினாறு பெட்டியின் விலைகூடத் தேறாது.
ஹொனியாராவிலிருந்து அனுப்பிய மொத்தக் கடைக்காரர்
தீர்ப்பில் 'பிறர்' என்று வந்தார்.
பிறர் மேல் நடவடிக்கை
பிறகு.

சரக்கை உரியவர் செலவில் அழிக்க வேண்டும்,
அதிகாரி முன்னிலையில்.
வெறுமனே புதைத்தால்
இரவே தோண்டிவிடுவார்கள்; பசிக்கு முத்திரை தெரியாது.
ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும்.
குப்பைக்குழிக்கு எலிசன் தன் சுத்தியலோடு வந்தான்.
ஓர் ஆணி எனக்கு, ஓர் ஆணி அவனுக்கு.
முதல் டப்பா சீறியது.
முகத்தைத் திருப்பிக்கொண்டோம், ஒரே பக்கமாக.
அதன்பின் கைக்குட்டை, எலுமிச்சை இலை,
எதுவும் உதவாது.
மதியம்வரை ஒரு வார்த்தை இல்லை.

முப்பத்தோராவது பெட்டியில்
அவன் விரல்பட்டு ஒன்று கணீரென்றது.
இருவருக்கும் கேட்டது.
உப்பவில்லை. துருவில்லை.
அதன் எட்டு மட்டும் பிறவியிலேயே எட்டு.
ஆணையில் 'அனைத்தும்' என்றிருந்தது.
எழுதித் தந்தவளே நான்தான்.

அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எந்தப் பேச்சில் பதில் சொல்லியிருப்பேனோ.
ஆணியை மூடியின் நடுவில் நிறுத்தி
சுத்தியலை ஓங்கினான்.

சுத்தமான எண்ணெய், பொன்னிறம்,
அவன் மணிக்கட்டு வழியே ஒழுகிற்று.
நல்ல மீனின் வாசனை
அத்தனை நாற்றத்துக்கும் நடுவே
ஒரு நொடி நின்றது.
எங்கிருந்தோ ஒரு நாய் எழுந்து வந்தது.